கடையும் காண்டாவும்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் பொது அறிவு. நான் படித்த தோட்டப் பள்ளியில் அதற்கென்று புத்தகம் கிடையாது. வாத்தியார் நீள நோட்டு ஒன்றில் எழுதிவைத்த கேள்விகளைப் படிப்பார், நாங்கள் விடையைக் கத்துவோம். பெரு நாட்டின் தலைநகர் லிமா. உலகிலேயே பெரிய தீவு கிரீன்லாந்து. ஒருநாள், "ரப்பர் மரத்தின் தாயகம் எது?" என்று கேட்டார். வகுப்பில் இருந்த பாதிப்பேரின் அம்மா அன்று விடியற்காலையில் அந்த மரத்தைத்தான் சீவிவிட்டு வந்திருந்தார்கள். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "கித்தா மரமா சார்?" என்றான். "கித்தா இல்லடா, ரப்பர். கித்தாங்கிறது கொச்சை. உக்காரு" என்றார். பிரேசில் என்று எழுதிக்கொண்டோம்.

கித்தா கொச்சை அல்ல என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் பிடித்தது. மலாயில் 'கெத்தா' என்றால் மரத்துப் பால், பிசின். அதே சொல்தான் 'கட்டா பெர்ச்சா' என்று ஆங்கிலத்துக்குப் போனது. அதுவும் மலாய்க் காட்டு மரமொன்றின் பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க அதைத்தான் மேலே பூசினார்கள். லண்டனும் நியூயார்க்கும் பேசிக்கொண்டது இந்தக் கெத்தாவின் தயவில். வாத்தியார் திருத்திக்கொடுத்த 'ரப்பர்' எப்படிப்பட்ட சொல்? 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி, பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் நன்றாக உதவுகிறது என்று எழுதிவைத்தார். தேய்ப்பதால் தேய்ப்பான், அவ்வளவுதான். டயரும் கையுறையும் ஆணுறையும் வருவதற்கு முன்னால், அழிப்பானாக இருந்த காலத்தில் வைத்த பெயர். இரண்டில் எதைக் கொச்சை என்பது?

இன்னொன்று. எங்கள் பாட்டி கித்தா என்றும் சொல்லமாட்டார், ரப்பர் என்றும் சொல்லமாட்டார். அவருக்கு அது பால்மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும், முளைத்தவற்றில் 22 கன்றுகள் மறு வருஷம் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும் அவருக்குத் தெரியாது. அந்நிய மரத்துக்கு இவ்வளவு சொந்தமான பெயரை யார் முதலில் வைத்தார்களோ, அவருக்குக் கேள்வி நோட்டில் இடமில்லை.

எங்கள் பக்கத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் கோலசிலாங்கூர் என்று எழுதும். மலாயில் குவாலா சிலாங்கோர். குவாலா என்றால் கழிமுகம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தையும் சொல்வதுண்டு. நம் ஆட்கள் வாயில் அது கோல ஆனது. கடைசி அசையில் அவர்களுக்கு ஊர் என்று கேட்டது. சிலாங்கூர், ஜொகூர், கோலாலம்பூர், சிங்கப்பூர். கப்பலை விட்டு இறங்கியவர்கள் போகும் இடமெல்லாம் ஊரைக் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் லும்பூர் என்றால் மலாயில் சேறு. நான்கில் சிங்கப்பூருக்கு மட்டும் வடமொழிப் புரம் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் நம் ஊர் அல்ல, பக்கத்து வீட்டு உறவு.

கோலசிலாங்கூரில் மலாவத்தி என்று ஒரு குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரில் ஆல்டிங்ஸ்பர்க் என்று கோட்டைக்குப் பெயர் வைத்தார்கள். மறு வருஷமே சுல்தான் இப்ராகிம் திருப்பிப் பிடித்துவிட்டார். டச்சுக்காரன் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. மேலே ஏறினால் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் தோளில் வந்து உட்காரும். கீழே சதுப்புநிலம், அதற்கப்பால் மலாக்கா நீரிணை. அந்த நீரிணை வழியாகத்தான் நம்முடைய சொற்கள் இந்த நாட்டுக்கு வந்தன.

குன்றிலிருந்து இறங்கிப் பழைய பட்டணத்துக்குள் நடந்தால் ஒவ்வொரு கட்டடத்தின் நெற்றியிலும் 'கெடாய்' என்று எழுதியிருக்கும். அது நம் கடை. கடலில் போவது 'கப்பால்', நம் கப்பல். வீட்டுக் குளிர்பெட்டி 'பெத்தி செஜுக்'; பெத்தி என்பது பெட்டி. வியாபாரத்துக்குப் போடும் பணம் 'மோடால்', அதாவது முதல். 'பாகாய்' நம் வகை. கடை, கப்பல், பெட்டி, முதல், வகை என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு செட்டியாரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது போல இருக்கிறது.

இவற்றில் எனக்குப் பிடித்த சொல் 'மூத்து'. இன்றைய மலாயில் அதற்குத் தரம் என்று பொருள். தரமான பொருளை 'பெர்மூத்து' என்பார்கள். சோப்பு விளம்பரத்தில்கூட வரும். ஆதியில் அது பொன்னின் தரத்தை மட்டும் குறித்த சொல், நம் மாற்று. மாற்றுக் குறையாத தங்கம் என்று சொல்கிறோமே, அந்த மாற்று. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குலோங் தோம் என்ற இடத்தில் விரல் நீளக் கல் ஒன்று கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். பெரும்பதன் என்ற பொற்கொல்லன் தன் கல்லைப் பிறர் எடுத்துவிடக் கூடாது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறான். நாங்கள் பள்ளியில் அழிப்பானில் பெயர் எழுதி வைத்தோமே, அதே கவலை. அவனும் அவனைப் போன்றவர்களும் கல்லில் உரைத்துச் சொன்ன சொல், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் சோப்பு விளம்பரத்தில் நிற்கிறது.

குளமும் அப்படித்தான். நீச்சல் குளத்துக்கு மலாயில் 'கோலாம் ரெனாங்'. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விடுதியில் அந்தப் பலகையைப் பார்த்து, "இங்கேயும் கோலப்போட்டி வைக்கிறாங்களா?" என்று கேட்டார். தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அது சொல்லும் செய்தியே குளம் வெட்டியதுதான். அவனிநாரணம் என்று குளத்துக்குப் பெயர். அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவுக்கு. சுமத்ராவின் பாருஸில், கற்பூரம் ஏற்றுமதியான துறைமுகத்தில், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் குழுவின் வரிமுறையைப் பேசுகிறது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மீது படை அனுப்பியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். படை வந்தது, போனது. மலாய்க்காரர் நாவில் தங்கியது உரைகல்லும் குளமும் கடையும் வைத்திருந்தவர்களின் பேச்சு.

இதை வைத்துத் தமிழ் விழாக்களில் நாம் செய்யும் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைவில்லை. மேடையேறும் ஒவ்வொருவரும் கடை கெடாய் ஆனதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். சிலர் ஆர்வக்கோளாறில் ரொட்டி சானாயையும் சென்னைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மலாயில் 'சானாய்' என்றாலே உருட்டித் தட்டையாக்குவது. சென்னையில் போய்க் கேட்டால் அவர்கள் அதைப் பரோட்டா என்பார்கள். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. கைதட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கடை வைக்க வரவில்லை. மாற்று உரைத்துப் பார்க்க அவர்களிடம் குந்துமணிப் பொன்கூட இருந்ததில்லை. அவர்கள் வேறு கப்பலில் வந்தார்கள். அவர்களுக்கென்று வேறு சொற்கள் இருந்தன. அவற்றை மேடையில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

காண்டா என்று ஒரு சொல். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தோளில் வைக்கும் ஒரு கம்பு, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாளி. நிரையில் மங்கு மங்காகச் சேர்த்த பால் முழுவதும் அந்த இரண்டு வாளியில் வரும். நிரை என்பது ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை, மங்கு என்பது மரத்தில் கட்டிய கிண்ணம். வாளி இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று தளும்பினால் மற்றது இழுக்கும். மழையில் நனைந்த மேட்டில் இறங்கும்போது கால் வழுக்கினால் அன்றைய கூலி புல்லில் போய்விடும். அதனால் காண்டா தூக்கியவர்களுக்குத் தனி நடை உண்டு. முட்டியைச் சற்று மடித்து, இடுப்பு அசைய, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் போவார்கள். பாட்டி தோட்டவேலையை விட்ட பிறகும், கடைக்குப் போகும்போது அந்த நடைதான். வலது தோளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு காய்ப்பு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

காண்டா என்பது மலாயின் 'காண்டார்', தோள்கம்பில் சுமப்பது. அந்தச் சொல்லை இன்று உலகமே வேறு இடத்தில் கேள்விப்படுகிறது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றுப் பானையையும் கறிப் பானையையும் கம்பின் இரு முனையில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். அந்தச் சோறுதான் நாசி காண்டார். இன்று குளிரூட்டிய உணவகத்தில் வரிசையில் நின்று வாங்குகிறோம். சோற்றுக் காண்டாவுக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது, பால் காண்டாவுக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் அந்தக் கருவிக்குப் பெயர் இல்லையா? இருக்கிறது. காவடி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல்; யாழ்ப்பாணத்துக்காரர் இன்றும் மூட்டையைக் காவிக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் பாரம் தொங்கும் தோள்கம்புக்குக் காவடி என்பதுதான் பழைய பொருள். சாமி பிறகு வந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் வேலைக்கம்பைக் காவடி என்று சொல்லவே இல்லை. வருஷம் முழுக்கத் துரைக்காகத் தூக்கியதற்கு மலாய்ச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தைப்பூசத்தன்று ஒருநாள் முருகனுக்காகத் தூக்கியதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்டார்கள். பாட்டியிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "அதும் இதும் ஒண்ணாடா?" என்று கோபப்பட்டார். அதற்குமேல் பேச்சில்லை.

தோட்டத்து மற்றச் சொற்களைக் கிளறினால் யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள் என்று தெரியும். விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டு, ஆங்கிலப் பட்டாளத்தின் பரேடு. குடியிருந்த லயம், வரிசைவீட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் லைன். சங்கீதக்காரர்கள் மன்னிக்கவும். மேற்பார்வை பார்த்த மண்டோர் போர்ச்சுகீசியச் சொல். ஏவுகிறவன் என்று பொருள். கணக்கு எழுதிய கிராணி இந்தி வழியாக வந்தவர், மூலத்தில் நம் கிராமத்துக் கர்ணத்துக்கு உறவு. ஏவுகிறவர்களின் பெயர்களில் நல்ல தமிழ் ஒன்றே ஒன்று, கங்காணி. கண்காணிப்பவர். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து, தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கியவர். 1938இல் இந்திய அரசு அந்த வழியை மூடும்வரை அது நடந்தது. பாட்டி வந்தது அதற்குச் சற்று முன்னால், ரஜுலா கப்பலில்.

ஆயாக்கொட்டகையை விட்டுவிடக் கூடாது. அம்மாக்கள் பால்வெட்டப் போன பிறகு கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டுப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. ஆயா என்பதைப் போர்ச்சுகீசிய 'ஆயா'விலிருந்து வந்த வெள்ளைக்கார வீட்டுத் தாதி என்பார்கள். தமிழில் ஆய் என்றால் தாய். இரண்டும் எங்கள் தோட்டத்தில் ஒரே கிழவியாக உட்கார்ந்து, ஒரே சமயத்தில் ஏழெட்டுத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தன.

சம்பளத்துக்கு வருகிறேன். நாங்கள் ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளி என்போம். பத்து வெள்ளி, இருபது காசு. 1975இல்தான் ரிங்கிட் அதிகாரப் பெயரானது. சொல் அதைவிடப் பழையது. ரிங்கிட் என்றால் ரம்பப் பல் போலச் சொரசொரப்பான விளிம்பு. இந்தக் கடலோரங்களில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரம் அப்படி இருந்தது. ஒரே நாணயத்தை மலாய்க்காரர் தடவிப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், தமிழர் எந்த உலோகம் என்று பார்த்து வைத்தார்கள். வெள்ளைக்காரர் அதை டாலர் என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளி எடுத்து நாணயம் அடித்த பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரின் பெயர் தேய்ந்து உண்டானது. காசைப் பற்றியும் ஒரு திருத்தம். ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசுதான் என்று அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. கீழை நாடுகளின் செப்புச் சில்லறையைக் குறிக்கும் 'கேஷ்' நம்முடையது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். சில்லறை நமக்கு, பெட்டி அவர்களுக்கு.

இனி தென்னமரம். பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டம் அது. ரோமன் எழுத்தில் எழுதி மலாய் வாயால் படிக்கும்போது தெனமாராம் ஆகிவிடும். பெயர் நம் தென்னமரமேதான். அங்கேதான் ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். மலேசியாவின் செம்பனைக் காடுகள் எல்லாம் அங்கே தொடங்கியவை. மரம் மேற்கு ஆப்பிரிக்காவினது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வம்சம் சுமத்ரா வழியாகக் கோலசிலாங்கூரை அடைந்தது. போகோனியே பிறகு நாவலாசிரியராகி, மலேசியா என்று பொருள்படும் 'மலேஸி' நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு வாங்கினார். தோட்ட முதலாளி, எழுத்தாளர், பரிசு எல்லாம் பொது அறிவு நோட்டுக்கு ஏற்ற செய்திகள். எனக்குப் பெயரில்தான் கண். மலாய்க்காரர் செம்பனையைப் பார்த்துத் தேங்காயை நினைத்து 'கெலாப்பா சாவிட்' என்றார்கள், கெலாப்பா தேங்காய். ஐரோப்பியத் தாவரவியலாளர் எண்ணெயை நினைத்து, கிரேக்கத்திலிருந்து எலையிஸ் என்று 1763இல் பெயர் போட்டார். தமிழர் குலையின் நிறத்தைப் பார்த்து, ஊரில் விட்டுவந்த பனையை நினைத்துச் செம்பனை என்றார்கள். ஒரு மரம், மூன்று ஏக்கம். பனைமரத்துக்காரர்கள் பெயர் சூட்டிய அந்த மரம் முதலில் வேர்விட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம்.

பத்தாங் பெர்ஜுந்தை இன்று அந்தப் பெயரில் இல்லை. தொங்கும் மரக்கட்டை என்று நேர்ப்பொருள்; கொச்சையாகவும் ஒரு பொருள் வரும். அந்தச் சங்கடத்தால் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். அறிவும் வெற்றியும் சேர்ந்த நல்ல பெயர். பேருந்துப் பலகையிலும் தபாலிலும் அதுதான். எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் பத்தாங் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லில் கொச்சை கண்டுபிடிக்கிறவர்களை எனக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரியும்.

கெடாய்க்கும் கப்பாலுக்கும் ஆபத்தில்லை. மூன்று கோடிப் பேர் பேசுகிறார்கள், அகராதியில் ஏறிவிட்டன. காண்டா, பெரட்டு, மங்கு, நிரைக்கு அகராதி பழைய ஆட்கள்தான். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனைத் தோட்டம் துண்டுபோட்டு வீட்டுமனை ஆனது. குலை அறுக்க வந்த இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேறு சொற்களோடு வந்திருக்கிறார்கள். லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே நிரை இல்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் வருஷந்தோறும் புதிர்ப்போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிமா இருக்கட்டும், கிரீன்லாந்தும் இருக்கட்டும். இந்த வருஷம் கூடவே மூன்று கேள்வி சேருங்கள். காண்டா என்றால் என்ன? பெரட்டு எத்தனை மணிக்கு? மங்கை மரத்தில் எதனால் கட்டுவார்கள்? விடையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், அவர்கள் என்ன சொல் சொல்கிறார்களோ அதையே திருத்தாமல். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். எங்களைத் தூளியில் போட்டுவிட்டுப் பால்வெட்டப் போன அம்மாக்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.